இரண்டாவது கலந்தாய்வு

ப்ளஸ் டூ முடித்துவிட்டு வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வருகிற பிள்ளைக்கு இரண்டு கலந்தாய்வுகள் உண்டு. முதலாவதை அரசு நடத்துகிறது. தரவரிசைப் பட்டியல் வெளியாகிறது, இட ஒதுக்கீடு இருக்கிறது, எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு நிரம்பிவிட்டது என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொள்ளலாம். ஏதாவது கோளாறு என்றால் மனு போட ஓர் அலுவலகம் உண்டு. இரண்டாவது கலந்தாய்வு சீட் கிடைத்த மறுநாள் ஆரம்பிக்கிறது. அது படுக்கைக்கானது. அதற்குப் பட்டியல் கிடையாது, விதி கிடையாது, மனு போட இடமும் கிடையாது. புரோக்கர்கள், மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீஸ்கள், செல்போன் செயலிகள், "நமக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் அங்கதான் இருக்கான்" என்கிற சொந்தக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து அதை நடத்துகிறார்கள்.

முதல் கலந்தாய்வைப் பற்றி நாம் நாற்பது வருடமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நுழைவுத் தேர்வு வேண்டுமா, கட் ஆஃப் எப்படிக் கணக்கிடுவது, ஒதுக்கீடு எத்தனை சதவீதம் என்று நீதிமன்றம் வரை போகிறோம். போகத்தான் வேண்டும். இரண்டாவதைப் பற்றி மட்டும் "மெட்ராஸ்ல ரூம் கிடைக்கிறது கஷ்டம்தான் தம்பி" என்று மே மாத வெயிலைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வெயில் யாரும் செய்ததில்லை. இது செய்யப்பட்டது. மாணவர் தங்குகிற இடம் எந்தச் சட்டத்தின் பிடிக்கும் வராமல் நழுவுகிற மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் சிலருக்கு வசதி, பலருக்கு நிம்மதி, அரசுக்குச் செலவில்லை. மாணவருக்கு மட்டும்தான் நஷ்டம்.

முதலில் இந்தத் தொழில் எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடலாம். பிஜி நடத்துகிறவர்களைப் பணமுதலைகளாகச் சித்தரிப்பது எளிது. அது முழு உண்மை இல்லை.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். வேளச்சேரிப் பக்கம் மூன்று படுக்கையறை உள்ள ஃபிளாட், மாத வாடகை 40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடத்துபவர் பெரும்பாலும் வீட்டுக்காரர் இல்லை. லீசுக்கு எடுத்தவர். ஹாலையும் பலகை வைத்துத் தடுத்தால் நான்கு அறை. அறைக்கு மூன்று கட்டில் என்றால் 12 பேர். ஆளுக்கு 8,500 ரூபாய் வீதம் 1,02,000 வருகிறது. இதில் வாடகை போக, சாப்பாட்டுக்கு ஆளுக்கு 3,000 வீதம் 36,000. சமையல்காரம்மா, பெருக்கித் துடைப்பவர், கரண்ட், தண்ணி லாரி, வைஃபை எல்லாம் சேர்த்து ஒரு 20,000. கையில் நிற்பது 6,000. ஒரு கட்டில் காலியாகக் கிடந்தால் அந்த மாதம் அதுவும் அநேகமாக இல்லை.

இப்போது ஒவ்வொரு அறையிலும் நான்காவது கட்டிலைப் போடுங்கள். வாடகை ஏறாது, சமையல்காரம்மா சம்பளம் ஏறாது. நான்கு பேருடைய 34,000 ரூபாய் வருகிறது, சாப்பாட்டுச் செலவு 12,000 கூடுகிறது. லாபம் 6,000-லிருந்து 28,000 ஆகிவிடுகிறது. அதாவது இந்தத் தொழிலின் லாபம் மொத்தமும் அந்தக் கடைசிக் கட்டிலில்தான் இருக்கிறது. அலமாரிக்கும் கதவுக்கும் நடுவில், ஜன்னலை மறைத்துக்கொண்டு, மேலே ஒன்று கீழே ஒன்றாக அந்தக் கட்டில் ஏன் எல்லா இடத்திலும் இருக்கிறது என்பதற்கு நடத்துபவரின் குணத்தில் பதிலைத் தேட வேண்டியதில்லை. கணக்கிலேயே இருக்கிறது. "டிரிபிள் ஷேரிங்" என்று போர்டு போட்டிருக்கும். உள்ளே போய் எண்ணினால் நான்கு இருக்கும். யார் எண்ணப் போகிறார்கள்?

மீதி வருமானம் பிடித்தங்களில் இருக்கிறது. சேரும்போது இரண்டு மாத அட்வான்ஸ், அதில் ஒரு மாதம் "மெயின்டனன்ஸ்" என்று திரும்ப வராது. ஏசிக்குத் தனி மீட்டர், யூனிட்டுக்கு ஓனர் சொல்வதுதான் விலை. வீட்டு மின் இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு 2016 முதல் கொடுத்துவருகிறது. அந்தச் சலுகை கட்டில்வரை இறங்கி வந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. லீவுக்கு ஊருக்குப் போனாலும் சாப்பாட்டுக் காசு கழிக்க மாட்டார்கள். நடுவில் காலி செய்தால் மீதி அட்வான்ஸும் போச்சு.

போன வருடம் என் அக்கா மகளுக்குச் சென்னைக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. கல்லூரி விடுதியில் முதல் நாளே இடம் தீர்ந்துவிட்டது. நங்கநல்லூர், ஆதம்பாக்கம், வேளச்சேரி என்று மூன்று சனி ஞாயிறு அவளும் நானும் பைக்கில் சுற்றினோம். மூவர் அறைக்கு 7,000 முதல் 9,000 வரை கேட்டார்கள். ஓர் இடத்தைப் பிடித்து, இரண்டு மாத அட்வான்ஸ் கொடுத்தோம். ரசீது கேட்டேன். "ஜிபே பண்ணீங்கல்ல சார், அதான் ரசீது" என்றார் அங்கிருந்த மேனேஜர். அதற்குப் பிறகு ஒரு தாளை நீட்டினார், கையெழுத்துப் போடச் சொல்லி. இருபத்திரண்டு விதிகள். அத்தனையும் தங்குபவர் செய்யக்கூடாதவை. நிர்வாகம் செய்ய வேண்டியது என்று ஒரு வரிகூட இல்லை. நான்காம் மாதம் தண்ணீர் வராமல் போனது. மூன்று வாரம் பொறுத்துவிட்டு அவள் காலி செய்தபோது, "ஜூன் வரைக்கும் இருப்பேன்னுதானே வந்தீங்க?" என்று கேட்டு முழு அட்வான்ஸையும் வைத்துக்கொண்டார்கள். எங்கே போய்ப் புகார் சொல்வது என்று நான் நான்கு பேரிடம் விசாரித்தேன். ஒரு வக்கீல் நண்பர், "தொகை சின்னது, விட்டுடு" என்றார். அவர் சொன்னது நியாயமான தொழில் ஆலோசனைதான். இந்தத் தொழில் முழுவதுமே அந்த "சின்னத் தொகை, விட்டுடு" என்பதன் மேல்தான் நிற்கிறது.

அந்த மூன்று வாரத் தேடலில் அவள் ஒன்று சொன்னாள்: "மாமா, எல்லாரும் என்னென்னமோ கேக்குறாங்க. ஒருத்தர்கூட என்ன படிக்கிறேன்னு கேக்கல."

என்ன கேட்டார்கள்? எந்த ஊர். அப்பா என்ன வேலை. வெஜ்ஜா நான்வெஜ்ஜா. ஊர் பெயரைச் சொன்னதும், "ஊருக்குள்ளயா, பக்கத்துல கிராமமா? எந்தத் தெரு?" இந்தக் கேள்விகள் எங்கே போய் முடியும் என்று தமிழ்நாட்டில் வளர்ந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. "என்ன ஆளுங்க" என்று வெளிப்படையாகக் கேட்பவர் குறைந்துவிட்டார். சாப்பாட்டைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். "சைவம் மட்டும்" என்கிற போர்டு சமையலறையைப் பற்றியது என்றே வைத்துக்கொள்வோம். அந்த அடுப்பில் கறி சமைக்கக்கூடாது என்றால் புரிகிறது. வெளியே போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிற பெண்ணுக்கும் அங்கே இடமில்லை என்றால் அந்த போர்டு வேறு எதையோ பற்றியது. இஸ்லாமியப் பெயருள்ள மாணவருக்கு ஃபோனில் பெயர் சொன்ன பிறகு "இப்பத்தான் ஒருத்தர் புக் பண்ணிட்டாங்க" என்று பதில் வரும். மணிப்பூர், நாகாலாந்திலிருந்து வருபவர்களுக்குப் பெயர் சொல்லும் அவசியம்கூட இல்லை.

செயலிகள் இதைச் சரிசெய்யும் என்று சிலர் நம்பினார்கள். நான் செய்வது மென்பொருள் வேலை என்பதால் எனக்கு அந்த நம்பிக்கை எப்போதுமே குறைவு. வீடு தேடும் செயலிகளைத் திறந்து வடிகட்டிகளைப் பாருங்கள். குடும்பமா பேச்சிலரா, சைவமா, ஆணா பெண்ணா, ஏசி உண்டா, வைஃபை உண்டா என்று கட்டம் கட்டமாக இருக்கும். வீட்டுக்காரர் வாசலில் நின்று கூச்சத்தோடு கேட்ட கேள்வியை அவை ஒரு டிக் பெட்டி ஆக்கின. கூச்சம் போனது, கேள்வி நின்றுவிட்டது. நான் பார்த்த எந்தச் செயலியிலும் "உரிமம் பெற்ற விடுதி" என்றொரு கட்டம் இல்லை. ஓர் அட்டவணையில் ஒரு பத்தியும் திரையில் ஒரு வடிகட்டியும் சேர்ப்பது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு ஒரு நாள் வேலை. தொழில்நுட்பத் தடை ஏதும் இல்லை. அதைப் போட்டால் பட்டியல் பாதியாகச் சுருங்கிவிடுமோ என்ற பயம்தான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்த விடுதிகள் சட்டப்படி என்ன?

தமிழ்நாட்டில் வாடகைதாரர்களுக்கென்று 2017-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக்கூடாது, தண்ணீர் மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவைகளை நிறுத்தக்கூடாது என்றெல்லாம் அது சொல்கிறது. இதைப் பிஜி நடத்துபவரிடம் சொல்லிப் பாருங்கள். "சார், நாங்க வீடு வாடகைக்கு விடல. தங்க இடம் குடுக்குறோம், சாப்பாடு போடுறோம். அவங்க டெனன்ட் இல்ல, கெஸ்ட்" என்பார். பேயிங் கெஸ்ட் என்ற பெயரே அதற்குத்தான் உதவுகிறது. விருந்தாளிக்கு எதற்கு ஒப்பந்தம்? விருந்தாளியை எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம்.

சரி, வீடு இல்லை என்றால் ஓட்டலா? நமது அரசமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுக் கேளிக்கை இடங்கள் ஆகியவற்றில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகிய காரணங்களால் மட்டும் ஒருவரை நுழையவிடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. இது அரசைக் கட்டுப்படுத்துவதோடு நிற்கிற பிரிவு இல்லை, தனியார் நடத்தும் இடத்துக்கும் பொருந்துகிற அபூர்வமான பிரிவு. இதை எடுத்துக்கொண்டு போய்ப் பேசினால் அதே மனிதர், "சார், இது எங்க வீடு மாதிரி. யாரை வெச்சுக்கணும்னு நாங்கதான் முடிவு பண்ணணும்" என்பார். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் வீடு இல்லை. சாதியைக் கேட்கக்கூடாது என்றால் வீடு.

வரி விஷயத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். தனியார் விடுதிகள் ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா என்று சில ஆண்டுகள் முன்பு ஒரு தகராறு எழுந்தது. வணிகம்தானே, வரி கட்டுங்கள் என்றது வரித்துறைத் தரப்பு. விடுதி நடத்துவோர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பெண்கள் அங்கே தூங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், வாழ்கிறார்கள், ஆகவே இது குடியிருப்புதான் என்பது வாதம். 2024 மார்ச்சில் நீதிமன்றம் அதை ஏற்று விலக்கு அளித்தது. அதே ஆண்டு ஜூனில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமல், தொடர்ந்து 90 நாளாவது தங்குகிற இடங்களுக்கு வரி வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

இந்தத் தீர்ப்பையும் பரிந்துரையையும் நான் வரவேற்கிறேன். அந்த வரியும் கடைசியில் மாணவர் தலையில்தான் விடிந்திருக்கும். ஆனால் அந்த வாதத்தை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். இங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள், ஆகவே இது குடியிருப்பு. மிகச் சரி. குடியிருப்பு என்றால் அதில் குடியிருப்பவர் யார்? குடியிருப்பவருக்கு ஒப்பந்தம் எங்கே, ரசீது எங்கே, அட்வான்ஸ் திரும்பும் தேதி எங்கே, காலி செய்யச் சொல்வதற்கு முன்பான அறிவிப்புக் காலம் எங்கே? அரசு வரி கேட்டு வரும்போது வீடாக இருக்கிற இடம், பத்தொன்பது வயதுப் பெண் உரிமை கேட்டு வரும்போது எப்படி வீடில்லாமல் போகிறது?

வரிச் சட்டத்தின் வரையறை வாடகைச் சட்டத்தைக் கட்டுப்படுத்தாது என்று வக்கீல்கள் சொல்வார்கள். உண்மைதான். ஒரு சொல்லுக்கு ஒரு சட்டத்தில் ஒரு பொருள், இன்னொன்றில் இன்னொரு பொருள் இருக்கலாம். ஆனால் சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. விடுதி நடத்துவோருக்குச் சங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார், அவர்களுடைய பிரச்சினை நீதிமன்றம் போய் கவுன்சில்வரை எட்டி வரியே திருத்தப்பட்டது. 90 நாள் என்று ஒரு தெளிவான கோடும் கிழிக்கப்பட்டது. அதே 90 நாள் தங்கியவரைக் குடியிருப்பாளர் என்று அங்கீகரிக்க வாடகைச் சட்டத்தில் ஒரே ஒரு விளக்கம் சேர்த்தால் போதும். அதைக் கேட்கத்தான் ஆளில்லை. மாணவர் மூன்று நான்கு வருடத்தில் கிளம்பிவிடுவார். பெரும்பாலும் அவருடைய ஓட்டும் ஊரில்தான் இருக்கும்.

சட்டமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளையும் இல்லங்களையும் ஒழுங்குபடுத்த 2014-இல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்காமல் நடத்தக்கூடாது, மீறினால் சிறைவரை போகலாம். நல்ல சட்டம். நான்கு ஆண்டுகள் கழித்து, 2018 டிசம்பரில், ஆதம்பாக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ரகசியக் கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டு, அதை நடத்தியவர் கைதானார். கண்டுபிடித்தது எந்த ஆய்வாளரும் இல்லை, அங்கே தங்கியிருந்த பெண்கள். அதற்குப் பிறகுதான் எல்லா விடுதிகளும் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவிப்புகள் பறந்தன. 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் குளிர்சாதனப் பெட்டி வெடித்துத் தீப்பிடித்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். மறுபடியும் ஆய்வு, மறுபடியும் கெடு. நம் ஊரில் விடுதிச் சட்டம் ஏதாவது நடந்தால் மட்டும் எழுந்து உட்கார்ந்து, பத்து நாளில் மறுபடி படுத்துவிடுகிறது.

அந்தச் சட்டம் ஆண் மாணவர்களைத் தொடுவதே இல்லை. அவர்கள் எங்கேயாவது படுத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டோம். திருவல்லிக்கேணி மேன்ஷன்களைப் பற்றி நம் இலக்கியத்திலும் சினிமாவிலும் நிறைய ஏக்கம் உண்டு. மொட்டை மாடி, டீக்கடை, கனவுகள். அந்த ஏக்கத்தின் மறுபக்கம் காற்று வராத அறையும் மாடிக்கு ஒரு கழிப்பறையும்தான். வறுமையை ரசிப்பதற்கு அதிலிருந்து வெளியே வந்திருக்க வேண்டும். இன்னும் உள்ளே இருக்கிறவனுக்கு அது ரசனை இல்லை.

பெண்களுக்கு இருப்பது சட்டத்தைவிட அதிகமாகக் கட்டுப்பாடுதான். ஒன்பது மணிக்குக் கேட் மூடப்படும். ஒன்பதே காலுக்கு வந்தால் வீட்டுக்கு ஃபோன். ஆய்வகம் எட்டரைக்கு முடிகிறது, பஸ் வரவில்லை என்பதெல்லாம் சாக்காகவே கருதப்படும். பெண்களின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டி விடுதிகளில் பாகுபாடான விதிகளைத் திணிக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த சக்‌ஷம் குழுவின் அறிக்கை 2013-லேயே சொன்னது. அது கல்லூரி வளாகங்களை நோக்கிச் சொல்லப்பட்டது. வளாகத்துக்கு வெளியே இருக்கிற பிஜிக்கு யார் அறிக்கை எழுதுவார்கள்? ஒன்பது மணிக்கு மூடுகிற கேட்டுக்கு உள்ளேதான் ஆதம்பாக்கத்தில் கேமரா இருந்தது, மதுரையில் தீ பிடித்தது. பூட்டைப் பாதுகாப்பென்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தீ விபத்தில் பூட்டிய கேட் என்ன செய்யும் என்றும் யோசிக்க வேண்டும்.

இங்கே பெற்றோரையும் கேட்க வேண்டியிருக்கிறது. விடுதி பார்க்க வருகிற அப்பாக்கள் முதலில் கேட்பது "எத்தனை மணிக்கு கேட் போடுவீங்க?" என்பதைத்தான். அவசர வழி எங்கே, உரிமம் இருக்கிறதா, ஓர் அறையில் எத்தனை பேர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு, அல்லது கேட்கப்படுவதே இல்லை. நடத்துபவருக்கு இது பெரிய வசதி. கேட்டைச் சீக்கிரம் மூடுவதற்குச் செலவு கிடையாது. தீயணைப்புக் கருவி வைக்கத்தான் செலவு. செலவில்லாத பொருளுக்கு இவ்வளவு கிராக்கி இருக்கும்போது அவர் ஏன் செலவுள்ள பொருளை விற்க வேண்டும்? மகள் மேல் உள்ள அக்கறையில்தான் கேட்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் அந்த அக்கறையைக் காசாக்கத் தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் ஒரு வலுவான பதில் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. விதிகளைக் கடுமையாக்கினால் விலை ஏறும். நான்காவது கட்டிலை எடுத்தால் மீதி மூன்று பேர் தலையில் அந்தச் செலவு விழும். 8,500 பத்தாயிரத்தைத் தாண்டும். சின்னதாக நடத்துபவர்கள் மூடிவிட்டுப் போவார்கள், பெரிய நிறுவனங்கள் வந்து 15,000 வாங்கும். இப்போதாவது ஏதோ ஓர் இடம் கிடைக்கிறது, அதையும் கெடுக்காதே என்பார்கள். மேலே போட்ட கணக்கே இதற்குச் சாட்சி. விதியைப் போட்டுவிட்டு வேறெதுவும் செய்யாமல் இருந்தால் இது நடக்கத்தான் செய்யும்.

அதனால்தான் விஷயம் பிஜியோடு முடியவில்லை என்கிறேன். கட்டிலை யார் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கு வந்தாக வேண்டும். படிப்பு அரசின் கடமை, படுக்கை குடும்பத்தின் பாடு என்று ஒரு பிரிவினை நம் மனதில் இருக்கிறது. முதல் பட்டதாரிச் சலுகை கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பல வீடுகளில் பெரிய உதவி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் சென்னையில் ஒரு கட்டிலின் விலையில் அது எட்டில் ஒரு பங்கு.

இந்தப் பிரிவினை தவறு என்பதை அரசே ஒருமுறை ஒப்புக்கொண்டிருக்கிறது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-இல் வந்தபோது, அவர்களுடைய கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் கலந்தாய்வுக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று முதல்வர் அறிவித்தார். சீட்டைக் கொடுத்துவிட்டுப் படுக்கையைக் கொடுக்காவிட்டால் அந்தப் பிள்ளை வர முடியாது என்று தெரிந்ததால்தானே? அந்தத் தர்க்கம் 7.5 சதவீதத்தோடு ஏன் நிற்க வேண்டும்? அரசுக் கலைக் கல்லூரியில் சரித்திரம் படிக்க விழுப்புரத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு அது ஏன் பொருந்தாது?

சென்னையில் அரசு மாணவர் விடுதிகள் இல்லாமல் இல்லை. சைதாப்பேட்டையில் எம்.சி.ராஜா பெயரில் இருக்கிற ஆதிதிராவிடர் நலத்துறை விடுதியும் சேப்பாக்கத்தின் விக்டோரியா விடுதியும் எத்தனையோ பேரை உருவாக்கியவை. ஊரில் முதல் தலைமுறையாகப் படித்து அதிகாரியானவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் ஏதாவதொரு அரசு விடுதியின் பெயரைச் சொல்வார்கள். 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் எல்லாவற்றுக்கும் "சமூகநீதி விடுதிகள்" என்று பெயர் மாற்றினார்கள். சாதிப் பெயரை போர்டிலிருந்து எடுத்தது நல்ல காரியம். ஆனால் போர்டு மாறுவதால் கட்டில் கூடாது. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு "தோழி" விடுதிகளைக் கட்டி, தனியாரைவிடக் குறைந்த வாடகைக்கு நடத்திக்காட்டுகிறது. கட்டத் தெரியும், நடத்தத் தெரியும், விலை வைக்கவும் தெரியும் என்று ஆகிவிட்டது. மாணவர்களுக்கு அதே மாதிரி, அதே வேகத்தில் ஏன் இல்லை என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பக்கத்தில் அரசு விடுதி ஒன்று 4,000 ரூபாய்க்குக் கட்டில் கொடுத்தால், தனியார் விடுதியின் நான்காவது கட்டில் தானாகக் காலியாகும். எந்த ஆய்வாளரும் போய் எண்ண வேண்டியதில்லை.

கல்லூரிகளையும் விட்டுவிடக் கூடாது. ஆண்டுதோறும் இடங்களைக் கூட்டிக்கொண்டே போகிறவர்கள், அதற்கேற்ப விடுதியைக் கூட்டுகிறார்களா? "விடுதி வசதி உண்டு" என்று விளம்பரத்தில் போடுவார்கள். எத்தனை பேருக்கு உண்டு? ஆயிரம் பேரைச் சேர்த்துக்கொண்டு நூறு கட்டில் வைத்திருப்பதும் "விடுதி வசதி உண்டு"தான். இடங்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே கட்டில்களின் எண்ணிக்கையும், ஆண் பெண் பிரித்து, கட்டணத்தோடு, கலந்தாய்வுக்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். கட்டில் இல்லாத கல்லூரியைத் தேர்ந்தெடுப்பது மாணவரின் விருப்பமாக இருக்கட்டும். இப்போது அது சேர்ந்த பிறகு வெடிக்கிற கண்ணிவெடியாக இருக்கிறது.

என் பக்கத்துக் கோரிக்கைகள் இவ்வளவுதான். 90 நாளுக்கு மேல் தங்குகிற எவரும் குடியிருப்பாளர். அவருக்கு எழுத்தில் ஒப்பந்தமும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீதும் வேண்டும். அட்வான்ஸ் ஒரு மாதத்துக்கு மேல் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திரும்ப வேண்டும். 2014 சட்டம் ஆண்கள் விடுதிக்கும் விரிய வேண்டும். உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியல், அறைக்கு எத்தனை பேர் என்ற அனுமதியோடு, யாரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் இருக்க வேண்டும். உரிம எண் இல்லாத இடத்தைச் செயலிகள் காட்டக்கூடாது. கட்டில் எண்ணிக்கையைக் கல்லூரிகள் அறிவிக்க வேண்டும். மாணவர்களுக்கான தோழி விடுதிகளை அரசு கட்ட வேண்டும். இதில் எதுவும் புரட்சி இல்லை. பாதி ஏற்கெனவே ஏதோவொரு சட்டத்தில், ஏதோவொரு அறிவிப்பில், வேறு யாருக்கோ கொடுக்கப்பட்டிருக்கிறது.

இத்தனை நேரம் நான் பேசியது கட்டில் தேடி வந்தவர்களைப் பற்றி. வராமலே போனவர்கள் இருக்கிறார்கள். நல்ல மதிப்பெண் எடுத்து, சென்னைக் கல்லூரியில் இடம் கிடைத்து, மாதம் எட்டாயிரத்துக்கு வழியில்லாமல் பக்கத்து ஊர்க் கல்லூரியில் கிடைத்த பிரிவில் சேர்ந்தவர்கள். "பொம்பளப் புள்ளைய எங்க கொண்டு போய் விடுறது" என்று நிறுத்தப்பட்டவர்கள். முதல் கலந்தாய்வின் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கும், அந்த இடத்தை அவர்களே வேண்டாம் என்று விட்டுவிட்டதாகப் பதிவாகியிருக்கும். அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டாவது கலந்தாய்வில் தோற்றார்கள். அதற்குப் பட்டியல் இல்லாததால் எத்தனை பேர் என்று யாருக்கும் கணக்கில்லை. ஒதுக்கீட்டுக்காக இவ்வளவு தூரம் போராடிய ஒரு சமூகம், அந்த ஒதுக்கீட்டில் வென்ற பிள்ளை ராத்திரி எங்கே படுக்கும் என்பதையும் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.